கவுன்சிலர் கழுத்தில் மாலை, மகன் வாசலுக்கு வெளியே

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம்:

"எங்கள் முருகன் கோயில் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்கு வார்டு கவுன்சிலர் மார்க்கீ பந்தலுக்குப் பணம் கொடுத்தார். பதிலுக்கு அவர் படம் போட்ட பேனரை வாசலில் கட்டினோம். காவடிகள் உள்ளே வரும் நேரத்தில் அவருக்கு மாலை போட்டு மைக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் பேசினார், முடிவில் தன் கட்சிக்கு ஓட்டும் கேட்டார். யூனிவர்சிட்டியில் படிக்கும் என் 20 வயது மகன் அன்றிலிருந்து கோயிலுக்கு வருவதில்லை. 'அது முருகன் வீடு இல்லை, கட்சி ஆபீஸ்' என்கிறான். தலைவரோ, 'கவுன்சிலர் தயவு இல்லாமல் தேர் ரோட்டுக்கு வராது' என்கிறார். உள்ளாட்சித் தேர்தல் வேறு வருகிறது. கட்சி கோயிலுக்குள் வந்தால் பக்தி உண்மையிலேயே குறையுமா, இல்லை இது பையனின் வயதுக் கோளாறா? குழுவில் நான் என்ன சொல்வது? அந்தப் பேனர் இன்னும் மடப்பள்ளிக்குப் பின்னால் கிடக்கிறது, அதை என்ன செய்ய?"

அம்மா,

தம்பி சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முருகன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது முருகன் வீடு இல்லை என்கிறார். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கட்சி உள்ளே வந்தால் முதலில் போவது கடவுள் நம்பிக்கை அல்ல, 'இது என் இடம்' என்ற உரிமை. அது போனபின், கவனிப்பார் இல்லாமல், நம்பிக்கையும் மெல்ல வற்றுகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில், எந்த மதத்தையும் சேராதவர் என்று கணக்கெடுப்பில் சொன்னவர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. பத்தாண்டு முடிவதற்குள் அது 14 ஆனது. மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2002இல் இந்தக் கூடுதலைப் பிரித்துப் பார்த்தார்கள். புதிதாக விலகியவர்களில் பெரும்பாலோர் நாத்திகர் ஆகிவிடவில்லை. கடவுளை நம்பினார்கள், தனியாகப் பிரார்த்தனையும் செய்தார்கள். மதம் என்றாலே குடியரசுக் கட்சியின் குரல் என்று ஊரில் பேச்சாகிவிட்டதால், அந்தக் கட்சியைப் பிடிக்காதவர்கள் 'நான் அந்த மதத்துக்காரன்' என்று சொல்லக் கூசினார்கள். அந்தக் கட்சியின் பக்கம் இருந்தவர்களிடம் இந்த விலகல் காணப்படவில்லை. பின்னால் டேவிட் கேம்ப்பெல், ஜெஃப்ரி லேமன், ஜான் கிரீன் என்ற அரசியல் அறிஞர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். மதகுருக்களும் அரசியல்வாதிகளும் கைகோத்து நிற்கும் செய்தியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஜனநாயகக் கட்சிச் சாய்வு உள்ளவர்களில், 'எனக்கு மதம் இல்லை' என்போர் அந்த ஒரு செய்தியைப் படித்ததிலேயே கூடினார்கள்.

வயதுக் கோளாறா என்று கேட்டீர்கள். வயதுக்குப் பங்கு உண்டு, கோளாறு என்ற சொல்தான் பொருந்தவில்லை. மிஷேல் மார்கோலிஸ் என்ற ஆய்வாளர் காட்டியது இது: பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் பிள்ளைகள் எப்படியும் வழிபாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். அதே வயதில்தான் அவர்களுடைய அரசியல் நிறம் உறுதிப்படுகிறது. கல்யாணமாகிக் குழந்தை வளரும்போது திரும்பிப் போகலாமா என்று ஒரு யோசனை வரும். அந்த நேரத்தில் கோயிலின் நிறமும் தன் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மதம் அரசியலைத் தீர்மானிக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல பேரிடம் அரசியல் மதத்தைத் தீர்மானிக்கிறது. தம்பிக்கு இப்போது 20. திரும்பலாமா என்று அவர் யோசிக்கும் நாளில் உங்கள் கோயில் எந்த நிறத்தில் இருக்கும் என்பதைத்தான் உங்கள் குழு இப்போது, தெரிந்தோ தெரியாமலோ, தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே இரண்டே பெரிய கட்சிகள், பெயர் பதிந்து வாராவாரம் போகும் சபைகள். நம் கோயிலில் உறுப்பினர் பேரேட்டை வைத்துப் பக்தரை எண்ணுவதில்லை. அதனால் அந்த எண்களை அப்படியே நமக்கு ஒட்டவைக்க வேண்டாம். ஆனால் இந்த நாட்டிலேயே, வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத ஒரு பாடம் இருக்கிறது.

ஆப்பிரிக்கானர் வெள்ளையரின் பெரிய சபையான டச்சு சீர்திருத்தத் திருச்சபையைத்தான் சொல்கிறேன். 'தேசியக் கட்சி கும்பிடும்போது அதன் பெயர் திருச்சபை' என்று ஊரே கேலி பேசும் அளவுக்கு, அந்தச் சபையும் நிறவெறி ஆட்சி நடத்திய தேசியக் கட்சியும் ஒன்றாக இருந்தன. 1948இல் பிரதமரான மலான் ஒரு காலத்தில் அந்தச் சபையின் போதகர். அதற்கு வெகு முன்பே, 1857இல், சிலரின் 'பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையருக்கும் மற்றவருக்கும் தனித்தனி வழிபாடு நடக்கலாம் என்று அந்தச் சபை ஒரு சலுகை கொடுத்திருந்தது. சலுகை என்று நுழைந்தது பழக்கமாயிற்று. பழக்கம் கொள்கையாயிற்று. பிறகு அதற்கு வேத வசனங்கள் தேடப்பட்டன. கறுப்பின மக்களின் போராட்டத்தின் மீது போலீஸ் சுட்ட ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு, 1960 டிசம்பரில், கோட்டெஸ்லோ என்ற இடத்தில் கூடிய திருச்சபைகள் நிறவெறிக்கு எதிராகக் கொஞ்சம் வாய் திறந்தன. பிரதமர் வெர்வூர்ட் முகம் சுளித்தார். தன் பிரதிநிதிகளே ஒப்புக்கொண்டு வந்ததை அந்தச் சபை கைகழுவியது. பெய்யர்ஸ் நோடே என்ற போதகர் மறுத்து நின்றார். 1963இல் பிரசங்க மேடை அவருக்கு இல்லாமல் போனது.

பிறகு விலை கொடுக்கும் காலம் வந்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை நியாயப்படுத்துவது மதத் துரோகம் என்று அறிவித்து இந்தச் சபையை இடைநிறுத்தியது. 1985இல் நிறவெறியை எதிர்த்துக் கைரோஸ் ஆவணத்தை எழுதிய இறையியலாளர்கள், ஆட்சிக்குத் துணைபோகும் இறையியலுக்கு 'அரசு இறையியல்' என்றே பெயர் வைத்தார்கள். 1986இல் சபை தன் நிலையைத் தளர்த்தத் தொடங்கியதும், பழைய கொள்கையே வேதம் என்று நம்பப் பழகியிருந்த ஒரு பகுதியினர் 1987இல் பிரிந்து போய்த் தனிச் சபை கண்டார்கள். அந்தப் பிரிவை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். கட்சி வேண்டாம் என்று வெளியே போனவர்கள் ஒரு பக்கம். கட்சியின் கருத்தையே கடவுளின் கருத்தாக விழுங்கியதால், சபை திருந்தியபோது திருந்த முடியாமல் வெளியே போனவர்கள் இன்னொரு பக்கம். என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய சேதம். விலகிப் போனவர் நம்பிக்கையைக் கையோடு கொண்டுபோகிறார். உள்ளே இருப்பவரின் நம்பிக்கைதான் உருமாறிப்போகிறது. 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் வில்லி யோங்கர் என்ற இறையியல் பேராசிரியர் எழுந்து நின்று, தன் சார்பிலும் தன் சபையின் சார்பிலும் பாவமன்னிப்புக் கேட்டார். 1857இலிருந்து எண்ணிப் பாருங்கள்.

'அது வெள்ளைக்காரன் கதை' என்று உங்கள் தலைவர் சொல்வார். சரி, நம் கதைக்கு வருவோம். 1984 ஆகஸ்டில், நிறவெறி அரசு இந்தியருக்கென்று உருவாக்கிய தனி அவைக்குத் தேர்தல் நடந்தது. பலர் அதைப் புறக்கணித்தார்கள். பதிந்த வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு. அந்த அவையின் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு கோயில் மாலை போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளுக்கு அந்தக் கோயில் சாமி பெயரால் மரியாதை செய்தது என்றுதான் அர்த்தம். எட்டுப் பேரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். நம் சனம் கோயிலில் சண்டை போடுவது குறைவு. அடுத்த வருடம் வேறு கோயிலுக்குப் பால்குடம் எடுக்கப் போய்விடும், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் கோயிலில் பக்தி குறைகிறதா என்று பார்க்கக் காவடிகளை எண்ணாதீர்கள். திருவிழாக் கூட்டம் எப்படியும் வரும். வேண்டுதல் இருப்பவர் கவுன்சிலரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டார். கைகளை எண்ணுங்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்க முதல்நாள் இரவு எத்தனை பேர் வந்தார்கள்? தேவாரம் பாடும் குழுவில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர்? ஆடிக் கூழ் காய்ச்ச விறகு தூக்குவது யார்? சிறு உபயங்கள், அதாவது நூறு, இருநூறு ராண்ட் கொடுக்கும் குடும்பங்கள், மூன்று வருடத்தில் கூடினவா குறைந்தனவா? பொருளாளர் நீங்கள், ரசீதுப் புத்தகம் உங்கள் கையில்தான் இருக்கிறது. மொத்த வசூல் கூடி, கொடுத்தவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தால் உஷாராகுங்கள்.

எல்லாப் பழியையும் கட்சி மேல் போடுவதும் தப்பு. பூசை மொழி புரியவில்லை, எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டால் பெரியவர்கள் முறைக்கிறார்கள், நோயில் விழுந்தபோது பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள்தான் வீடு தேடி வந்தார்கள் என்று நம் குடும்பங்கள் நகர்ந்ததற்கு வேறு காரணங்கள் நிறைய. அதேபோல, மதம் பொதுக் காரியத்தில் தலையிட்டாலே நம்பிக்கை தேயும் என்றும் இல்லை. போலந்தில் கம்யூனிச ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் கத்தோலிக்க சபை நின்றபோது கோயில்கள் நிரம்பி வழிந்தன. பின்னாளில் அதே சபை ஆட்சியாளரோடு ஒட்டி உறவாடியது. பாதிரியார்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்டன. 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களில் வாரம் தவறாமல் வழிபடுவோர் 1992இல் 69 விழுக்காடு, 2021இல் 23. சபை அதே சபைதான். அது நின்ற பக்கம் மாறியிருந்தது.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 1913இல் கேப் நீதிமன்றத்தின் சேர்ல் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்றதும் நம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தார். அதுவும் அரசியல்தான், அதனால் யாருடைய பக்தியும் குறையவில்லை. ஆகவே குழுவில் 'கோயிலுக்கு அரசியலே வேண்டாம்' என்று பேசாதீர்கள், தோற்றுப்போவீர்கள். பொதுக் காரியம் வேறு, கட்சிக் காரியம் வேறு என்று பேசுங்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி: கோயில் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போகிறது என்றால், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் பக்தரும் அதன் கீழ் கையெழுத்திட முடிகிறதா? 'எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை, சரிசெய்யுங்கள்' என்று மாநகராட்சி நீர்த் துறைக்கு எழுதினால் எல்லோரும் போடுவார்கள். 'தண்ணீர் தராத கட்சியைத் தோற்கடிப்போம்' என்றால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைப்பார்கள். இந்தியக் கட்சிகளை வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். கடல் தாண்டி வந்ததால் அது கட்சி அரசியல் இல்லை என்று ஆகிவிடாது.

இனி நடைமுறை. முதலில் தலைவரின் வாதம்: கவுன்சிலர் இல்லாமல் தேர் ரோட்டுக்கு வராது. மாலைக்கு வேரே இங்கேதான் இருக்கிறது. ரோட்டை அடைக்க அனுமதி, குப்பை வண்டி, போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் கடைசி வாரத்தில் கவுன்சிலருக்குப் போன் போட்டுப் பழகிவிட்டோம். நன்றிக்கடன் ஏறுகிறது, அதை மைக்கில் தீர்க்கிறோம். விண்ணப்பத்தைக் குழுவே நேராக மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் கொடுக்கட்டும். ஐந்தாறு மாதத்துக்கு முன்பே, ஊர்வலப் பாதையின் வரைபடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், முதலுதவி ஏற்பாடு, பொறுப்பாளரின் போன் எண் எல்லாம் இணைத்து, பெற்றதற்குக் கையெழுத்தோ குறிப்பு எண்ணோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் இப்படிச் செய்துவிட்டால் அடுத்த வருடம் தேதியை மாற்றினால் போதும். தயவு தேவைப்படாத இடத்தில் மாலையும் தானாக நின்றுவிடும்.

கோயிலுக்குச் சொத்து வரி இல்லாமல் செய்து கொடுத்தது நான்தான் என்று யாராவது மேடையில் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். மதச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, பிரதானமாக வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கு வரி போடக் கூடாது என்று 2004ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சொத்து வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. அது யாருடைய தயவும் அல்ல. மாநகராட்சி மானியமும் அப்படித்தான், கவுன்சிலர் கையால் காசோலை வந்தாலும் பணம் வரிகட்டுபவருடையது. ரசீதில் மாநகராட்சி பெயர்தான் வர வேண்டும்.

அடுத்தது, பொருளாளராக உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம். உங்கள் கோயில் வரித் துறையான சார்ஸிடம் பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற்றிருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு உங்களைக் கட்டுப்படுத்துகிறது. அமைப்பின் வளங்களை நேராகவோ சுற்றிவளைத்தோ எந்த அரசியல் கட்சியையும் ஆதரிக்கவோ வளர்க்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. 'எதிர்க்கவோ' என்பதையும் கவனியுங்கள், பிடிக்காத கட்சியைத் திட்டுவதும் இதில் அடங்கும். வளம் என்றால் உண்டியல் பணம் மட்டும் இல்லை. மண்டபம், மைக் செட், ஜெனரேட்டர், சம்பளம் வாங்கும் ஆளின் நேரம், பக்தர்களின் போன் எண் பட்டியல் எல்லாமே வளம்தான். மைக்கில் ஓட்டுக் கேட்ட அந்த நிமிடம், கோயிலின் ஒலிபெருக்கி ஒரு கட்சிக்கு வேலை செய்தது. சொல்லியும் திருத்திக்கொள்ளாத அமைப்பின் அங்கீகாரத்தை சார்ஸ் திரும்பப் பெற முடியும். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: நன்கொடை கொடுப்பவர், அதனால் தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ ஆதாயம் வரும்படி நிபந்தனை போடக் கூடாது. பந்தலுக்குப் பணம், பதிலுக்குப் பேனரும் பேச்சும் என்ற ஏற்பாட்டை உங்கள் கணக்காளரிடம் அந்தப் பிரிவோடு சேர்த்துக் காட்டுங்கள். கொடுத்தவருக்கு வரிக் கழிவு தரும் 18ஏ ரசீது கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துவிட வேண்டாம். மதப் பணி மட்டும் செய்யும் அமைப்புக்கு அந்த ரசீது பொதுவாகக் கிடையாது. கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி போன்ற பணிக்குத் தனி ஒப்புதல் இருந்தால்தான் உண்டு.

அப்படியானால் அரசியல்வாதி பணமே வாங்கக் கூடாதா? வாங்கலாம், உபயமாக. உபயத்துக்கு நம்மிடம் பழைய ஒழுங்கு இருக்கிறது. பெயர், குடும்பம், எந்த நாள், என்ன காரியம். பதவி, கட்சி என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. வங்கிக் கணக்கில் வரட்டும், ரொக்கம் வேண்டாம். தனிமனிதர் பெயரில் ரசீது. பலகையில் மற்ற உபயதாரர்களோடு அகர வரிசையில், அதே அளவு எழுத்தில், தொகை இல்லாமல். (ட்யூப்லைட் கொடுத்தவர் பெயரை அதன் மேலேயே எழுதி வெளிச்சத்தை மறைப்பது நம் பரம்பரைப் பழக்கம். கவுன்சிலரை மட்டும் குறை சொல்ல முடியாது.) இந்த ஒழுங்குக்கு ஒத்துக்கொள்ளாமல் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது உபயம் இல்லை, விளம்பரக் கட்டணம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மைக் விஷயத்தில் தப்பு நடப்பது எப்போதும் ஒரே விதமாகத்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்காது. பெரிய மனிதர் கிட்டே வந்து நிற்கிறார், அறிவிப்பாளர் சங்கடப்பட்டு 'இரண்டு வார்த்தை' என்று நீட்டுகிறார். ஆகவே அறிவிப்பாளரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுங்கள். கொடியேற்றத்திலிருந்து கொடியிறக்கம் வரை கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் வேட்பாளரும் மைக்கில் பேசுவதில்லை என்று பொதுக்குழுத் தீர்மானம் போட்டு, அதை அச்சடித்து மைக் மேசையிலேயே ஒட்டுங்கள். அறிவிப்பாளர் கையில் எழுதிய தாள் இருக்கட்டும்: பூசை நேரம், அன்னதானம், காணாமல் போன பிள்ளை, வழியை மறிக்கும் கார். வந்திருக்கும் பிரமுகர்களின் பெயரை வாசிக்கவே வேண்டாம். எல்லாக் கட்சிக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் நியாயம்தானே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்க நன்றாக இருக்கும். நான்கு கட்சிக்கு இருபது நிமிடம், அலகு குத்தியவர் வெயிலில் நிற்பார், கைதட்டலில் யாருக்கு அதிகம் என்று பந்தல் இரண்டாகும்.

மாலை, பரிவட்டம், முதல் மரியாதை எல்லாம் விரதம் இருந்தவருக்கும் அன்றைய உபயதாரருக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் வாதமே எழாது. கவுன்சிலர் விரதமிருந்து காவடி எடுத்தால் அவருக்கும் உண்டு, அதில் என்ன தடை? அர்ச்சனையும் அவர் பெயர், நட்சத்திரத்துக்குச் செய்யலாம். 'கட்சி வெற்றி பெற' என்று சங்கல்பம் சொல்லும்படி குருக்களை யாரும் நெருக்கக் கூடாது, அதைக் குழு எழுத்தில் கொடுத்தால் அவருக்கும் தைரியம். கட்சி டி-சர்ட்டில் வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாசலில் ஆறேழு வெள்ளைத் துண்டு வைத்திருந்து, 'அண்ணா, இதைப் போர்த்திக்கொண்டு உள்ளே போங்கள்' என்று ஒரு இளைஞர் சொன்னால் போதும். சன்னதிக்கு முன் போட்டோ கண்டிப்பாக வேண்டாம். பேச்சு அன்றோடு மறந்துபோகும், சாமிக்குப் பக்கத்தில் நின்ற படம் தேர்தல் வரை ஊர் சுற்றும்.

வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். மண்டபத்தை வாக்குச்சாவடிக்குத் தேர்தல் ஆணையம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், அது எல்லோருக்குமான வேலை. கட்சிக் கூட்டத்துக்கு வாடகைக்குக் கேட்டால் மறுப்பதே நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாருக்கும் ஒரே முழு வாடகை. ஒருவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அந்தத் தள்ளுபடியே ஆதரவு.

இவற்றையெல்லாம்விட எதிர்ப்பு எழப்போவது இந்த விதிக்குத்தான்: குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் யாராவது தேர்தலில் நின்றால், வேட்புமனு கொடுக்கும் நாளில் பதவியை விட வேண்டும், வென்றால் திரும்பக் கூடாது. சாதாரண உறுப்பினராக இருக்கலாம். 'நம்ம பையன் ஜெயித்தால் கோயிலுக்கு நல்லதுதானே' என்று விலக்குக் கேட்பார்கள். விதிகள் செத்துப்போவது அந்த ஒரு விலக்கில்தான்.

எப்போது கொண்டுவருவது? தேர்தல் அறிவிப்பு வந்தபின் கொண்டுவந்தால், இன்னாருக்கு எதிராகப் போட்டது என்று பெயர் வாங்கும். இப்போதே, அடுத்த பொதுக்குழுவிலேயே கொண்டுவாருங்கள். தைப்பூசத்தில் நடந்ததைப் பேச்சில் இழுக்காதீர்கள், கவுன்சிலர் பெயரையும் எடுக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் தலைவரைத் தனியாகப் பார்த்து, சட்டப் பிரிவைக் காட்டி, தீர்மானத்தை அவரே முன்மொழியக் கேளுங்கள். கவுன்சிலரோடு உறவு கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்குத்தான் அதிகம். 'சட்டம் இப்படி, எங்கள் கையில் இல்லை' என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தால் அவருக்கே நிம்மதிதான். தீர்மானம் நிறைவேறியதும் வார்டில் செயல்படும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கடிதம், ஒரே நாளில். ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சாரம் இவ்வளவுதான்: "எங்கள் ஆலயத்துக்குத் தாங்கள் குடும்பத்தோடு வழிபட வருவதை வரவேற்கிறோம். திருவிழா நாட்களில் உரை, பேனர், தனி மரியாதை எந்தக் கட்சியினருக்கும் இல்லை என்று பொதுக்குழு முடிவு செய்துள்ளது. நன்கொடைகள் தனிமனித உபயமாக மட்டும் ஏற்கப்படும்."

தம்பி விஷயம். 'சாமி மேலே நம்பிக்கை போச்சா' என்று இனிக் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னால் கோயிலுக்கு வர வேண்டும், ஆமாம் என்றால் உங்கள் மனம் நோகும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அன்று என்ன பார்த்தாய், எது உறுத்தியது என்று கேளுங்கள், நடுவில் பேசாதீர்கள். 'எல்லா இடத்திலும் அரசியல் இருக்கிறது' என்று சமாதானம் சொன்னால் அவர் சொன்னதை நீங்களே உறுதிசெய்கிறீர்கள். வீட்டு விளக்கின் முன் அவர் நிற்கிறாரா, வெள்ளிக்கிழமை விபூதி வைக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பாருங்கள். அது இருந்தால் போனது கோயில் உறவு மட்டும்தான். வேறு கோயிலுக்குப் போகிறேன் என்றால் போகட்டும், அங்கேயும் அதே முருகன்தான். தீர்மான வரைவை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுக்க ஆள் தேவைப்படும், அவரிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்கு வரச் சொல்லாதீர்கள், வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்தால் போதும். நம்பிக்கையே உண்மையில் போயிருக்கிறது என்று தெரிந்தால் அது அவர் வழி, குழுத் தீர்மானம் எதுவும் அதை மாற்றாது. அந்த நிலையிலும் இந்தத் தீர்மானம் மற்றப் பிள்ளைகளுக்காகத் தேவைப்படும்.

பேனரை விறகுக் குவியலுக்கு மூடாகவோ கூழ்ப்பானை அடுப்புக்கு மறைப்பாகவோ போட்டுவிடாதீர்கள், அநேகமாக அதற்குத்தான் எடுத்து வைத்திருப்பீர்கள். மழையில் நனையும் கவுன்சிலர் முகத்தை எவராவது படம் எடுத்துப் போட்டால், அவமதித்தார்கள் என்று புது வம்பு வரும். சுருட்டி, கயிறு கட்டி, அவர் அலுவலகத்திலேயே சேர்த்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.